பசிபிக் தீவு நாட்டு நியூஸ் ரேடியோவுல கேக்குறவங்க இருக்கீங்களா? எதை நம்பலாம்?

கனவு_குரூப்1

வணக்கம் மக்களே. பரிட்சைக்குப் படிக்கும்போது இந்தியா பசிபிக் தீவுகள் ஒத்துழைப்பு அமைப்புன்னு ஒரு டாபிக் வந்துச்சு, 2014ல ஆரம்பிச்சது, 14 தீவு நாடு இருக்கு, அந்தப் பேரையெல்லாம் மனப்பாடம் பண்ணும்போதுதான் இதுல பாதி நாடு மேப்புல எங்க இருக்குன்னே தெரியலன்னு உறைச்சது. நம்ம பேப்பர்ல இவங்களப் பத்தி நான் கடைசியா பெருசா பார்த்தது 2023 மே மாசம் போர்ட் மோர்ஸ்பி ஏர்போர்ட்ல பப்புவா நியூ கினி பிரதமர் மாரப்பே நம்ம பிரதமர் காலைத் தொட்டு கும்பிட்ட போட்டோ தான். அதோட சரி, அப்புறம் ஒரு வரி கிடையாது.

அப்படியே தேடிப் போய் ரேடியோ ஆஸ்திரேலியாவோட பசிபிக் பீட், நியூசிலாந்து அரசு ரேடியோவான ஆர்என்இசட் பசிபிக்கோட பசிபிக் வேவ்ஸ் ரெண்டும் பாட்காஸ்ட்டா கேக்க ஆரம்பிச்சேன். இப்ப பரிட்சையை விட்டுட்டு இதுவே வேலையா போச்சு, வனுவாட்டுல யார் யார் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தாங்கன்னு கேட்டா டக்குன்னு சொல்லுவேன் (2023ல ஒரு மாசம் சொச்சத்துக்குள்ள மூணு பிரதமர் பார்த்த நாடு சார் அது).

என் சந்தேகம் என்னன்னா, இந்த ரெண்டு ரேடியோவும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அரசுப் பணத்துல ஓடுது. பக்கத்து பெரிய நாட்டோட ரேடியோ சின்ன நாட்டு அரசியலைச் சொல்லும்போது எவ்வளவு நம்பலாம்? அந்த ஊர்லயே ரேடியோ இல்லையா, இருந்தா அதை எப்படிக் கேக்குறது? அப்புறம் எல்லார் கையிலயும் போன் இருக்கிற காலத்துல அங்க இன்னும் ஏன் ரேடியோன்னு உயிரை விடுறாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ஷார்ட்வேவ்_சுந்தர்

வாங்க தம்பி, நம்ம ஏரியாவுக்கு வந்துட்டீங்க. இருபது வருஷத்துக்கு மேல ஷார்ட்வேவ் (ரொம்ப தூரம் போற சிற்றலை ரேடியோ) கேக்குற ஆளு நான், வீட்டு மாடியில கம்பி கட்டி பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட திட்டு வாங்குற ஜாதி.

நம்புறதா வேணாமாங்கிறதுக்கு முன்னாடி 2009 ஃபிஜி கதைய தெரிஞ்சுக்குங்க. 2006 டிசம்பர்ல ராணுவத் தளபதி பைனிமராமா புரட்சி பண்ணி ஆட்சியப் பிடிச்சார். 2009 ஏப்ரல்ல அப்பீல் கோர்ட் அந்த ஆட்சி சட்டவிரோதம்னு தீர்ப்பு குடுத்துச்சு. மறுநாளே ஜனாதிபதி அரசியலமைப்பையே ரத்து பண்ணிட்டார், எல்லா நீதிபதியும் வீட்டுக்கு. நியூஸ் ரூம்ல தணிக்கை அதிகாரிங்க வந்து உக்காந்துட்டாங்க, ஃபிஜி டைம்ஸ் பேப்பர் வெட்டுன செய்தி இருந்த இடத்தை அப்படியே காலியா விட்டு அச்சடிச்சாங்க. ஷான் டோர்னின்னு பசிபிக்க பல வருஷமா கவர் பண்ணுன ஏபிசி (ரேடியோ ஆஸ்திரேலியாவை நடத்துற ஆஸ்திரேலிய அரசு ஒளிபரப்பு நிறுவனம்) நிருபரை நாட்டை விட்டு அனுப்பிட்டாங்க. அதோட நிக்கல, ஃபிஜிக்குள்ள ரேடியோ ஆஸ்திரேலியாவுக்கு இருந்த எஃப்எம் டிரான்ஸ்மிட்டரையும் மூடச் சொல்லிட்டாங்க.

ஆனா ஷார்ட்வேவ் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா அந்த டவர் இருந்தது ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல ஷெப்பர்டன்ங்கிற ஊர்ல. அங்க கிளம்புற அலை வானத்துல மேல இருக்கிற அயனமண்டலத்துல பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும், ஃபிஜி தலைநகர் சுவாவுல எந்த அதிகாரி சுவிட்சை அணைச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. சொந்த நாட்டுக் கோர்ட் என்ன தீர்ப்பு சொல்லுச்சுன்னு வெட்டு குத்து இல்லாம கேக்கணும்னா அந்த வாரம் வெளிநாட்டு ரேடியோ தான் வழி.

இவ்வளவு தெரிஞ்ச ஏபிசி என்ன பண்ணுச்சு தெரியுமா, 2017 ஜனவரி 31ஓட ஷார்ட்வேவை மொத்தமா நிறுத்திட்டாங்க. வருஷத்துக்கு 19 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் மிச்சமாம், அதை டிஜிட்டல்ல போடுவாங்களாம். 1939ல இருந்து ஓடுன சர்வீஸ். வனுவாட்டு பிரதமரே யோசிச்சுப் பாருங்கன்னு சொன்னார், 2015 மார்ச்ல பாம் புயல் வந்து அந்த நாட்டைப் புரட்டிப் போட்டப்போ எது கேட்டுச்சுன்னு அவங்களுக்குத் தானே தெரியும். அடுத்த வருஷமே ஆஸ்திரேலியா காலி பண்ணுன அலைவரிசை சிலதுல சீன சர்வதேச வானொலி வந்து உக்காந்துடுச்சு, அப்புறம் கான்பெராவுல குய்யோ முய்யோன்னு கத்துனாங்க. போன பஸ்ஸுக்கு கை காட்டுன கதை.

நியூசிலாந்துக்காரங்க அந்த விஷயத்துல தெளிவு. டவுப்போ பக்கம் ரங்கிடாய்கில இருக்கிற டிரான்ஸ்மிட்டரை விடாம வச்சிருந்தாங்க, 2022ல புதுசுக்கு 44 லட்சம் நியூசிலாந்து டாலர் ஒதுக்கி 2024ல அதுவும் ஓட ஆரம்பிச்சிருச்சு. 2022 ஜனவரி 15 டோங்கா எரிமலை ஞாபகம் இருக்கா, கடலடி கேபிள் அறுந்து நாடே வெளியுலகத் தொடர்பு இல்லாம போச்சு, கேபிள் சரியாக பிப்ரவரி 22 ஆச்சு. சாம்பல் கொட்டுற ஊர்ல நெட் இல்ல, போன் இல்ல, ரங்கிடாய்கி சிக்னல் மட்டும் பாட்டுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. போன் இருக்கும்போது ரேடியோ எதுக்குன்னு கேட்டீங்களே, இதுதான்.

தூத்துக்குடி_மாலுமி

சுந்தர் அண்ணாச்சி புயல் எரிமலைன்னு பெருசு பெருசா சொல்லிட்டாரு, நான் சாதா நாள்ல நடக்கிறத சொல்லுதேன். சாலமன் தீவுக்கு மரத்தடி ஏத்துற கப்பல்ல போயிருக்கேன். அங்க துறைமுகம்னு ஒண்ணும் இருக்காது, ஏதாவது ஒரு தீவுல வளைகுடாவுக்குள்ள நங்கூரம் போட்டுட்டு கெடக்கணும், கரையில இருந்து தடிய மிதக்க விட்டு இழுத்துட்டு வருவாங்க, நம்ம கிரேன்ல தூக்கணும். மழை பெஞ்சா வேலை நின்னுரும், மழை பெய்யாத நாளே இல்ல. போன் சிக்னல் சுத்தமா கெடையாது.

தடி எண்ணுறதுக்குன்னு உள்ளூர் பையங்க கப்பல்லயே தங்குவாங்க, அவங்ககிட்ட பேட்டரி ரேடியோ ஒண்ணு இருக்கும், ரப்பர் பேண்ட் போட்டு சுத்துனது. சாயங்காலம் ஆனா எஸ்ஐபிசி. அதுதான் அவங்க அரசு வானொலி, ரேடியோ ஹேப்பி ஐல்ஸ்னு தான் சொல்லிக்கிடுவாங்க. நியூஸ் இங்கிலீஷ்லயும் வரும், இங்கிலீஷ் கலந்த அவங்க பிஜின் மொழியிலயும் வரும். நியூஸ் முடிஞ்சா சர்வீஸ் மெசேஜ்னு ஒண்ணு வாசிப்பாங்க பாருங்க, எல்லாரும் கப்சிப். இன்ன ஊர்ல இன்னார் அம்மா தவறிட்டாங்க, தலைநகர் ஹோனியாராவுல இருக்கிற மகன் எந்த கப்பல் கெடைச்சாலும் ஏறி வா. இன்ன கப்பல் நாளைக்கு கிளம்பாது, இஞ்சின் கோளாறு. இன்ன ஸ்கூல் பிள்ளைங்க இன்ன தேதிக்கு வந்து சேரணும். காசு கட்டி குடுக்கிற தகவல் இது. கிட்டத்தட்ட ஆயிரம் தீவு சிதறிக் கெடக்கிற நாட்டுல தபால், தந்தி, போன் எல்லாம் அந்த ஒரு மைக்கு தான். ஒரு நா அந்தப் பையங்கள்ல ஒருத்தனோட ஊர் பேர் வந்துச்சு, எவனும் மூச்சு விடல, கடைசியில பாத்தா கோயில் கட்ட நிதி வசூல் கூட்டமாம், எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

இதை ஏன் சொல்லுதேன்னா, அந்த மைக்கை யார் கையில வச்சிருக்காங்கங்கிறது அங்க பெரிய விஷயம். 2022 ஏப்ரல்ல பிரதமர் சொகவாரே அரசு சீனாவோட பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுச்சுல்லா, அதே வருஷமே எஸ்ஐபிசிய அரசு நிறுவனப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க, அது இனி பட்ஜெட் பணத்துல ஓடும்னாங்க. ஒளிபரப்புற நியூஸ அரசு ஆள் முதல்ல பார்ப்பாங்கன்னு தகவல் வந்துச்சு, அரசு அது தணிக்கை எல்லாம் இல்லன்னு மறுத்துச்சு. அந்த ஆகஸ்ட்லயே ஏபிசி டிவி எடுத்த ஒரு ரிப்போர்ட் பிடிக்காம, மரியாதை தெரியாத வெளிநாட்டு நிருபரை நாட்டுக்குள்ளயே விட மாட்டோம்னு பிரதமர் ஆபீஸ் அறிக்கை விட்டுச்சு. உள்ளூர்க்காரன் வாயையும் பொத்தி வெளியூர்க்காரனுக்கு கதவையும் சாத்துனா கேக்குறவன் யார்ட்ட போவான் சொல்லுங்க.

எதிர்க்கேள்வி

ரெண்டு பேர் சொன்னதும் சரி, ஆனா தம்பி கேட்ட மெயின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. பக்கத்து பெரிய நாட்டு ரேடியோ பொய் சொல்லுதான்னு கேட்டா இல்ல, பெரும்பாலும் உண்மைதான் சொல்லுது. எதை நியூஸ்னு எடுக்குதுங்கிறதுல தான் விளையாட்டு.

துவாலு 2024 எலெக்‌ஷனையே எடுத்துக்குங்க. மொத்த ஜனத்தொகை 11,000 பக்கம், கட்சியே கிடையாது, எட்டு தீவுக்கும் தலா ரெண்டு பேர், ஆக 16 எம்பி. ஜனவரி 26 ஓட்டு. அப்ப பிரதமரா இருந்த கௌசியா நட்டானோ தன் சீட்டையே தோத்துட்டார். அடுத்து யாருன்னு முடிவு பண்ண எம்பிங்க தலைநகர் ஃபுனாஃபுட்டிக்கு வந்து சேரணும், கடல் மோசம், படகு போகல, வெளித்தீவு எம்பிங்க அங்கங்க மாட்டிக்கிட்டாங்க. ஃபெலேட்டி டியோ பிரதமர்னு முடிவாக சரியா ஒரு மாசம் ஆச்சு.

இந்த ஒரு மாசமும் வெளிநாட்டு மீடியாவுல தலைப்பு என்ன? அங்கீகாரம் தைவானுக்கா சீனாவுக்கா. அதே ஜனவரியில நவ்ரு தைவானை விட்டு சீனா பக்கம் போயிருந்துச்சு, அதனால துவாலுவும் போயிடுமோன்னு ஒரே பதட்டம். சரி அது நியூஸ் இல்லன்னு சொல்லல. ஆனா எட்டு தீவுக்காரன் ஓட்டு போடும்போது மனசுல இருந்தது எங்க தீவுக்கு கப்பல் எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா, ஆஸ்திரேலியாவோட 2023ல போட்ட ஃபலேபிலி ஒப்பந்தத்துல வருஷத்துக்கு 280 பேர் போகலாம்னாங்களே அது நல்லதா கெட்டதா, இப்படித்தானே இருக்கும். அந்த ஒப்பந்தத்துல பாதுகாப்பு விஷயத்துல ஆஸ்திரேலியாவைக் கேக்காம வேற நாட்டோட கை கோக்கக்கூடாதுன்னு வர்ற ஷரத்து தான் அங்க பெரிய சண்டை. சிட்னியில உக்காந்து நியூஸ் எடிட் பண்றவருக்கு இதுல தன் நாடும் ஒரு பார்ட்டின்னு எத்தனை தடவை ஞாபகம் வரும்?

பசிபிக்னாலே சீனா வருது சீனா வருதுன்னு ஆயிப்போச்சு. அந்த மக்கள் ஏதோ செஸ் போர்டுல காய் மாதிரி. நம்ம ஊர் டிவி மாலத்தீவைப் பத்தி பேசும்போது கவனிச்சுப் பாருங்க, அச்சு அசல் இதே தான். மாலேல வாடகை என்ன விலைன்னு ஒரு நாளாவது பேசியிருக்காங்களா?

கனவு_குரூப்1

எதிர்க்கேள்வி அண்ணே, மாலத்தீவு பாயிண்ட் சூப்பர், அதை நான் யோசிக்கவே இல்ல. மாலுமி அண்ணாச்சி அந்த சர்வீஸ் மெசேஜ் பத்தி படிச்சதும் எப்படியாவது எஸ்ஐபிசி கேக்கணும்னு இருக்கு. அப்ப உள்ளூர் ரேடியோவ மட்டும் கேட்டா போதுமா? அது தான் அந்த மக்களோட குரல்னு எடுத்துக்கலாமா?

ஆக்லாந்து_யாழ்

தம்பி, அப்பிடி லேசா சொல்லிப்போட ஏலாது. நான் ஆக்லாந்தில கனகாலமா இருக்கிறன், வேலையில என்னோட நிக்கிறதில பாதிப்பேர் சமோவாக்காரர், டோங்காக்காரர். இஞ்ச இருந்து பாக்கேக்க உள்ளூர், வெளியூர் எண்ட பிரிப்பே சரியா பொருந்திறேல்ல.

2021 சமோவா எலெக்‌ஷனை நினைச்சுப் பாருங்கோ. ஏப்ரல் 9 ஆம் திகதி வாக்களிப்பு, 51 சீட். நாப்பது வருசத்துக்கு கிட்ட ஆட்சியில இருந்த கட்சிக்கு 25, ஃபியாமே நவோமி மதாஆஃபான்ர புதுக் கட்சிக்கு 25, சுயேச்சை ஒருத்தர். அவர் எந்தப் பக்கம் எண்டு சொல்லுறதுக்கு முதல் நாள் தேர்தல் ஆணையம் பெண்கள் ஒதுக்கீட்டு சட்டத்தைக் காட்டி ஆளுங்கட்சிக்கு ஒரு சீட் கூட்டிக் குடுத்தது, 26 ஆச்சு. சுயேச்சை அடுத்த பக்கம் போக 26க்கு 26. பேந்து உச்ச நீதிமன்றம் அந்தச் சீட் செல்லாது எண்டது, மே 24 பாராளுமன்றம் கூட வேணும், வந்து பாத்தா கதவு பூட்டு. ஃபியாமே ஆக்கள் வெளிய புல்லில டென்ட் அடிச்சு சத்தியப் பிரமாணம் எடுத்தவை. ஜூலை 23 அப்பீல் கோர்ட் அது செல்லும் எண்டு சொன்னாப் பிறகுதான் முதல் பெண் பிரதமர் எண்டு நாடு ஏற்றது.

அந்த மூண்டரை மாசமும் எங்கட வேலை இடத்தில வேற கதையே இல்லை. என்னோட வேலை செய்யிற ஒரு அக்கா ஒரு காதில ஆர்என்இசட் பசிபிக், மற்றக் காதில ஆக்லாந்து சமோவா ரேடியோ. அவவின்ர அண்ணன் ஆளுங்கட்சி, இவ எதிர்ப்பக்கம். ஊருக்கு போன் எடுத்து "உங்க ரேடியோ என்ன சொல்லுது, இஞ்ச இப்பிடிச் சொல்லுறாங்கள்" எண்டு ஒரே சண்டை. செய்தி அங்கயிருந்து இஞ்ச வருது, இஞ்சயிருந்து அங்க போகுது. சமோவா நிருபர் தலைநகர் ஆபியாவில இருந்து சொல்லுறதைத் தான் வெலிங்டன் ஒலிபரப்புது, அதை ஆபியாவில இருக்கிறவை கேக்கினம்.

அதுக்கு முதல் 2019 சின்னமுத்து, நீங்கள் தட்டம்மை எண்டு சொல்லுவியள். 83 பேர் செத்தது, கூடுதலா சின்னப் பிள்ளையள். 2018ல ரெண்டு குழந்தை தடுப்பூசி போட்டவுடன செத்தது, தாதிமார் மருந்தைப் பிழையாக் கலந்ததால வந்த வினை, ஆனா சனம் ஊசிக்கே பயந்திட்டுது, அரசாங்கமும் திட்டத்தை கனநாள் நிப்பாட்டிப் போட்டுது. பேந்து டிசம்பர்ல ரெண்டு நாள் நாட்டையே மூடி, ஊசி போடாத வீட்டுக்கு முன்னால சிவப்புத் துணி கட்டச் சொல்லி வீடு வீடாப் போனவை. அந்தக் கிருமி ஆக்லாந்தில பரவிக் கொண்டிருந்தது தான் அங்க போனது. இதை இஞ்சத்த ரேடியோ மறைக்கேல்லை, எங்கட அரசாங்கம் ஏன் முன்னமே தடுக்கேல்லை எண்டு கேட்டது. எதிர்க்கேள்வி சொல்லுறது சரி, பெரிய நாட்டு ரேடியோ தன்ர நாட்டையும் கேள்வி கேக்குதா எண்டு பாருங்கோ, அந்த நாளில நம்பலாம்.

உள்ளூர் ரேடியோ எண்டா மக்கள் குரல் எண்டதுக்கு பிரான்சின்ர கையில இருக்கிற நியூ கலிடோனியாவைப் பாருங்கோ. ரேடியோ ஜீடோ எண்டு ஒண்டு, 1985ல கனாக் எண்ட பூர்வகுடி விடுதலைக்காரர் துவங்கினது. ரேடியோ ரித்ம் ப்ளூ எண்டு இன்னொண்டு, அது பிரான்சோட இருக்க வேணும் எண்டுற ஆக்களின்ர. ரெண்டும் தலைநகர் நூமேயா தான், ரெண்டும் உள்ளூர் தான். 2024 மே மாசம் வெளியில இருந்து வந்து குடியேறின ஆக்களுக்கும் வாக்காளர் பட்டியலைத் திறக்கிற சட்டத்தால ஊர் எரியேக்க ரெண்டையும் மாறி மாறிக் கேட்டா ரெண்டு நாட்டில இருக்கிற மாதிரி இருக்கும். பிரான்ஸ் அந்த நேரம் டிக்டாக்கை வேற தடை செய்தது. எந்த உள்ளூர் எண்டு கேக்க வேணும் தம்பி.

எதிர்க்கேள்வி

ஆக்லாந்து அக்காவோ அண்ணாவோ, அந்த ரெண்டு காது மேட்டர் பிரமாதம். ஆனா ஒண்ணு, உங்க ஊர்ல சமோவாக்காரங்க லட்சக்கணக்குல இருக்காங்க, ஓட்டு இருக்கு, அதனால ரேடியோ தன் அரசைக் கேள்வி கேக்குது. துவாலுவுக்கோ கிரிபாட்டிக்கோ அந்த பலம் இல்லையே.

ஆக்லாந்து_யாழ்

அண்ணா தான். ஓம், அதை மறுக்கேலாது. கிரிபாட்டிச் செய்தி ஒரு கிழமையில ரெண்டு வந்தா பெரிய விசயம், அதிலயும் ஒண்டு கடல் மட்டம்.

ஷார்ட்வேவ்_சுந்தர்

தம்பி கேட்ட எஸ்ஐபிசி விஷயம். 5020 கிலோஹெர்ட்ஸ் அவங்க ஷார்ட்வேவ், நம்ம ஊர்ல இருந்து பிடிக்கிறது குதிரைக்கொம்பு, சின்ன டிரான்ஸ்மிட்டர், நம்ம வீட்டு எல்இடி பல்பு இரைச்சலே அதை முழுங்கிடும். அதனால கிவிஎஸ்டிஆர்னு தேடுங்க, உலகம் பூரா ஆளுங்க தங்களோட ரிசீவரை நெட்ல திறந்து விட்டிருக்காங்க, பசிபிக் பக்கமோ ஆஸ்திரேலியா கிழக்குக் கரையிலயோ ஒண்ணைப் பிடிச்சு அலைவரிசைய டைப் பண்ணுனா போதும். ஹோனியாரா நம்மள விட அஞ்சரை மணி நேரம் முன்னால, சுவா ஆறரை. அங்க சாயங்கால நியூஸ்னா நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அந்த நேரத்துல சிக்னலும் அங்க நல்லா இருக்கும். காலை நியூஸ்னா நமக்கு நடுராத்திரி.

ஆர்என்இசட் பசிபிக்க மட்டும் நேரடி ரேடியோவுலயே முயற்சி பண்ணுங்க, சாயங்காலத்துல சில சீசன்ல நம்ம பக்கமே கேட்டுரும். அலைவரிசை நேரத்துக்கு நேரம் மாறும், அவங்க வெப்சைட்ல அட்டவணை போட்டிருப்பாங்க. ஃபிஜிக்கு அவங்க அரசு ஒலிபரப்பு எஃப்பிசி நெட்லயே வருது, ரேடியோ ஃபிஜி டூ இந்தியில. நம்ம ஆளுங்க 1903ல இருந்து கரும்புக்குக் கப்பல் ஏறுன ஊரு, அங்க நாடிங்கிற ஊர்ல 1926ல ஆரம்பிச்ச தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்னிக்கும் ஸ்கூல் நடத்துது, ஆனா ரேடியோவுல இந்தி தான் ராஜ்ஜியம். 2023 ஏப்ரல்ல பைனிமராமா காலத்து மீடியா கட்டுப்பாட்டுச் சட்டத்தை ரத்து பண்ணுனதுக்கு முன்னாடி பின்னாடி அவங்க நியூஸ் வாசிக்கிற தொனியே வேறன்னு எனக்குப் படுது, நீங்களும் கேட்டுட்டு சொல்லுங்க.

கனவு_குரூப்1

ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்னிக்கு மதியமே 5020 போட்டுப் பாக்குறேன். பிஜின் புரியுமா அண்ணாச்சி?

தூத்துக்குடி_மாலுமி

பாதி இங்கிலீஷ் தான்டே, மெதுவா கேட்டா ரெண்டு வாரத்துல புடிபட்டுரும். கப்பல் பேரும் ஊர் பேரும் மொதல்ல புரியும், நியூஸ்ல மந்திரி என்ன சொன்னாருங்கிறது கடைசியில தான் புரியும். பரிட்சை எப்போ?